மழை வகுப்பு கூச்சலாக முடிகிறதா? அறிகுறியைப் பார்த்துச் சரிசெய்ய

வானிலையை வைத்துச் சின்னப் பிள்ளைகளுக்கு இசை வகுப்பு எடுப்பது சுலபம் என்று நினைத்துத்தான் எல்லாரும் இறங்குகிறோம். மழை என்றால் என்ன என்று எந்தக் குழந்தைக்கும் விளக்க வேண்டியதில்லை. இடி என்று நாம் சொல்லி முடிப்பதற்குள் நாலு கை டிரம்மைத் தொட்டிருக்கும். சிக்கலும் அந்தச் சுலபத்தில்தான் இருக்கிறது. வகுப்பு முழுக்க மழையில் ஆடிப் பாடிவிட்டு, இசையில் புதிதாக ஒன்றும் பிடிபடாமலே பிள்ளைகள் வீட்டுக்குப் போய்விடலாம்.

ஐந்து வயதிலிருந்து எட்டு வயது வரையுள்ள பிள்ளைகளோடு நான் சறுக்கிய இடங்களை அறிகுறி வாரியாக எழுதியிருக்கிறேன். வரிசையாகப் படிக்க வேண்டியதில்லை. உங்கள் வகுப்பில் எது நடக்கிறதோ நேரே அங்கே போங்கள். அதற்கு முன் ஒரே ஒரு சோதனை.

## எந்தக் கோளாறானாலும் முதலில் பார்க்க வேண்டியது

பாடக்குறிப்பின் முதல் வரியைப் பாருங்கள். "இன்றைய பாடம்: மழை" என்று இருக்கிறதா? "இன்றைய பாடம்: சத்தம் கொஞ்சம் கொஞ்சமாகக் கூடுவதும் குறைவதும், மழையை வைத்து" என்று இருக்கிறதா? முதலாவது என்றால், கீழே வரும் கோளாறுகளில் பாதி அந்த வரியிலேயே தொடங்கிவிட்டது. மழை ஒரு வண்டி மாதிரி. அதில் எதை ஏற்றி அனுப்புகிறோம் என்பதை முதலில் எழுதிவிட வேண்டும். ஒரு வகுப்புக்கு ஒரு சரக்குதான்.

எதில் எதை ஏற்றலாம்? மழைக்குச் சத்தத்தின் ஏற்ற இறக்கம். காற்றுக்கு நீண்ட ஒலி, மூச்சு, வழுக்கிக்கொண்டே ஏறி இறங்கும் சுருதி. இடி மின்னலுக்கு மௌனத்தை எண்ணுவது. பனிக்கு உலோக வாத்தியங்களின் மெல்லிய நாதம். வெயிலுக்குத்தான் யோசிக்க வேண்டியிருக்கும், அது சத்தமே போடாத வானிலை. நான் அதை வேகத்துக்கு வைத்துக்கொள்கிறேன்: இளங்காலை வெயிலில் நடக்கும் நடை, உச்சி வெயிலில் கால் சுட ஓடும் நடை.

## வாத்தியம் கைக்கு வந்ததும் வகுப்பு கைவிட்டுப் போகிறது

இது மிகப் பழைய வியாதி. ஆரம்பத்தில் ஒரு முறை, முப்பது பிள்ளைகளுக்கும் ஆளுக்கொரு வாத்தியம் கொடுத்துவிட்டு, அதன் பிறகு "இப்போ நான் சொல்வதைக் கேளுங்க" என்றேன். நான் வாயசைத்தது மட்டும்தான் தெரிந்திருக்கும். கையில் ஷேக்கர் இருக்கும்போது எந்தக் குழந்தையாலும் அதைக் குலுக்காமல் இருக்க முடியாது. அது குறும்பு கிடையாது, ஷேக்கரின் இலட்சணமே அதுதான்.

சரிசெய்ய, வரிசையை மாற்றுங்கள். முதலில் வாய், அப்புறம் உடம்பு, கடைசியில்தான் வாத்தியம். தூறலை வாயால் "பொட்டு… பொட்டு" என்று சொல்லிப் பார்த்து, அதையே உள்ளங்கையில் இரண்டு விரலால் தட்டிப் பார்த்து, அதன் பிறகு ஷேக்கரையோ கட்டையையோ எடுக்க வேண்டும். அதற்குள் என்ன வாசிக்க வேண்டும் என்பது உடம்பில் ஏறியிருக்கும். வாத்தியம் வந்தவுடன் சொல்லித்தர ஒன்றும் மிச்சம் இருக்கக் கூடாது.

எண்ணிக்கையையும் குறையுங்கள். முப்பது பேருக்குப் பத்து வாத்தியம் போதும், அதிலும் மூன்றே வகை. மீதிப் பேர் குரலும் கையும். மூன்று சுற்றில் எல்லாருக்கும் முறை வந்துவிடும். "எனக்கு எப்போ மிஸ்?" என்று கேட்கும் பிள்ளையிடம் சுற்று எண்ணைச் சொல்லிவிட்டால் போதும், காத்திருக்கும்.

நிறுத்துவதை வாசிப்பதற்கு முன்னால் பழக்குங்கள். மூடிய முஷ்டியைத் தூக்கினால் நிற்க வேண்டும் என்று வைத்துக்கொண்டு, இரண்டு நிமிடம் அதை மட்டும் விளையாட்டாகச் செய்யுங்கள். நான் ஏமாற்றுவதுபோல் கையைப் பாதி மூடி மறுபடி திறப்பேன். அந்த இரண்டு நிமிடத்தில் முப்பது ஜோடிக் கண்களும் கைமேலேயே இருக்கும். பிறகு வரும் அரை மணி நேரத்துக்கு அதுதான் முதலீடு.

## தூறல் இல்லை, சாரல் இல்லை, எடுத்த எடுப்பிலேயே அடைமழை

உள்ளங்கைகளைத் தேய்த்துக் காற்று, விரல் தட்டித் தூறல், தொடையில் அறைந்து கனமழை, காலால் உதைத்து இடி, பிறகு அதே வழியில் திரும்பி வருவது. உலகம் முழுக்கச் செய்யப்படும் பயிற்சி இது. பெரியவர்கள் கூட்டத்தில் அழகாக வரும். சின்னப் பிள்ளைகளிடம் பத்தாவது நொடியில் எல்லாரும் உதைத்துக்கொண்டிருப்பார்கள். (சொடுக்குப் போடச் சொல்லாதீர்கள். ஐந்து ஆறு வயதில் பலருக்கு அது வராது. வராத விரலைப் பார்த்துக்கொண்டே மழையை மறந்துவிடுவார்கள்.)

முதல் காரணம், எப்போது மாற வேண்டும் என்பது அவர்களுக்குத் தெரியாது. பக்கத்துப் பிள்ளை மாறினால் தானும் மாறிவிடும். வட்டமாக உட்காரவைத்து, "நான் உன் முன்னால் வந்து உன் கண்ணைப் பார்த்தால் மட்டும் மாற்று. அதுவரை பழையதையே செய்துகொண்டிரு" என்று சொல்லுங்கள். வட்டத்தைச் சுற்றி மெதுவாக நடங்கள். ஒரு பக்கம் தூறல், இன்னொரு பக்கம் காற்று என்று மழை அறைக்குள் நகர்ந்து வருவது அப்போதுதான் கேட்கும். இதற்கு முதல் தடவையே வாய்பிளந்து பார்க்கும் பிள்ளைகள் உண்டு.

இரண்டாவது காரணம் கொஞ்சம் ஆழமானது. கனமழை என்றால் ஒவ்வொருவரும் ஓங்கி அடிக்க வேண்டும் என்று அவர்கள் நினைக்கிறார்கள். சொல்லப்போனால் நாமும் அப்படித்தான் சொல்லித்தருகிறோம். இதற்கு நான் வைத்திருக்கும் மருந்து "ஒரு துளி" விளையாட்டு. ஒவ்வொரு குழந்தைக்கும் ஒரே ஒரு தட்டு. வட்டத்தில் ஒருவர் தட்டி, அது அடங்கிய பிறகே அடுத்தவர். பொட்டு. பொட்டு. முப்பது துளி விழுந்து முடியும் வரை அறை அப்படியே உறைந்திருக்கும். அடுத்த சுற்றில் ஆளுக்கு ஐந்து தட்டு, யார் எப்போது வேண்டுமானாலும், ஆனால் அதே மெல்லிய விரல்தான். சத்தம் சடசடவென்று எழும்பும். அப்போது கேளுங்கள்: "யாராவது ஓங்கி அடிச்சீங்களா?" யாரும் இல்லை. "அப்புறம் எப்படி மழை பெரிசாச்சு?" ஏதாவது ஒரு பிள்ளை சொல்லிவிடும், நிறையப் பேர் சேர்ந்ததால் என்று. பலமாக அடிப்பது வேறு, அடர்த்தியாக அடிப்பது வேறு என்ற பாடம் அங்கே முடிந்தது. அதற்குப் பெயர் எதுவும் சொல்ல வேண்டியதில்லை.

நம் மொழி இந்த வேலைக்கென்றே செய்ததுபோல் இருக்கும். சலசல, சடசட, படபட, தடதட, கிடுகிடு. ஒவ்வொரு இரட்டைக்கிளவிக்கும் தனி வேகமும் தனி எடையும் இருக்கிறது. "சலசல"வை வாசிக்கச் சொன்னால் யாரும் டிரம்மை எடுப்பதில்லை. "தடதட"வுக்கு யாரும் மணியை எடுப்பதில்லை. வாத்தியத்தைத் தேர்ந்தெடுக்கும் வேலையைச் சொல்லே பார்த்துக்கொள்ளும்.

## "மெல்ல" என்றால் வேகத்தைக் குறைக்கிறார்கள்

இந்தக் கோளாறு பிள்ளைகளுடையது இல்லை, நம்முடைய வாயில் இருக்கிறது. "மெதுவாப் பேசு" என்றால் சத்தத்தைக் குறை. "மெதுவாப் போ" என்றால் வேகத்தைக் குறை. "மெல்ல"வும் அப்படியே. பேச்சில் குழப்பம் வருவதில்லை, கூட வரும் வினைச்சொல் காப்பாற்றிவிடும். "மெல்ல வாசி" என்னும்போது எது காப்பாற்றும்? பாதிப் பிள்ளைகள் சத்தத்தையும், பாதிப் பிள்ளைகள் வேகத்தையும், புத்திசாலிகள் இரண்டையும் குறைப்பார்கள்.

மழை விட்டுக்கொண்டே போகும் காட்சியில் இது ரொம்பவே தெரியும். தாளம் இழுபட்டு, கடைசியில் நின்றே போகும். மறுபக்கம், மழை வலுக்கும்போது சத்தத்தோடு வேகமும் சேர்ந்து ஓடும். பெரியவர்களின் கச்சேரியிலேயே எட்டிப் பார்க்கும் பழக்கம்தான், சின்னவர்களைக் குறை சொல்ல முடியாது.

நான் இரண்டு சொற்களையும் இசை வகுப்பிலிருந்து விலக்கிவைத்துவிட்டேன். சத்தத்துக்குப் "பெரிசு – சின்னது", வேகத்துக்கு "ஆமை – முயல்". கையசைவையும் பிரித்துவிடுங்கள். கைகள் அகன்றால் சத்தம் பெரிசு, காலடி வேகமானால் தாளம் வேகம். பிறகு வேண்டுமென்றே ஏறுக்குமாறாகக் கேளுங்கள்: பெரிய ஆமை மழை, சின்ன முயல் மழை. சின்ன முயல்தான் கஷ்டம். வேகமாக, ஆனால் யார் காதிலும் விழாத மாதிரி. அது வந்துவிட்டால் அந்த வகுப்புக்கு அதற்குமேல் வேறு தேர்வே வேண்டாம்.

தாளம் இன்னும் ஓடினால், நான்கு பேரை மழையிலிருந்து எடுத்து நடுவில் நிறுத்துங்கள். அவர்கள் வேலை "தகதிமி தகதிமி" என்று சொல்லிக்கொண்டே நின்ற இடத்தில் நடப்பது மட்டும். மழை எப்படி வேண்டுமானாலும் பெய்யட்டும், நடை மாறக் கூடாது. இந்த நால்வரில் ஒருவராக வகுப்பிலேயே அதிகம் துள்ளும் பிள்ளையைப் போடுங்கள். பொறுப்பு வந்ததும் அது எப்படி நிதானமாக நடக்கிறது என்று பார்த்து நீங்களே அசந்துபோவீர்கள்.

## எல்லாருக்கும் இடிதான் வேண்டும்

வேண்டும்தான், ஏன் வேண்டாம்? டிரம்முக்குச் சண்டை வந்தால், டிரம்மை யாரும் பறிக்க முடியாத ஒன்றோடு கட்டிவிடுங்கள்: மௌனம்.

மின்னல் முதலில் தெரிகிறது, இடி பிறகு கேட்கிறது. ஒளி வந்துசேர நேரமே ஆவதில்லை, ஒலியோ காற்றில் நொடிக்கு ஏறத்தாழ 340 மீட்டர்தான் போகும். ஆகவே மூன்று நொடி இடைவெளி என்றால் மின்னல் சுமார் ஒரு கிலோமீட்டர் தள்ளி. இதை அப்படியே வகுப்புக்குக் கொண்டுவரலாம். விளக்கைக் கொஞ்சம் குறைத்து, ஒரு டார்ச்சைச் சுவரில் பளிச்சென்று அடியுங்கள். எல்லாரும் மனசுக்குள் எட்டு எண்ண வேண்டும். எட்டு முடிந்ததும் டிரம்காரர் அடிக்க வேண்டும். அடுத்த மின்னலுக்கு ஆறு. அப்புறம் நாலு. அப்புறம் இரண்டு. புயல் கிட்டே வந்துகொண்டிருக்கிறது என்பதை நீங்கள் சொல்லவே வேண்டாம், உட்கார்ந்திருக்கும் நிலையே மாறிவிடும். பிறகு எண்ணிக்கையைக் கூட்டிக்கொண்டே போனால் புயல் விலகிப்போகும்.

இசையில் நிசப்தமும் தாளத்துக்கு உட்பட்டதுதான் என்பதைச் சின்னப் பிள்ளைக்கு விளக்க இதைவிடச் சுலபமான வழி எனக்குத் தெரியாது. உதட்டை அசைத்து எண்ணினாலும் பரவாயில்லை, சத்தம் வரக் கூடாது. முந்திக்கொண்டு அடித்தவர் டிரம்மை அடுத்தவருக்குக் கொடுத்துவிட வேண்டும். இந்தச் சட்டத்தைப் பிள்ளைகளே என்னைவிடக் கறாராக அமல்படுத்துகிறார்கள்.

## ஒரு குழந்தை காதைப் பொத்திக்கொள்கிறது

வகுப்பை உடனே நிறுத்துங்கள். பிறகு யோசிக்கலாம். வெறும் சுவரும் தரையுமாக இருக்கும் மூடிய அறையில் பத்து டிரம் ஒன்றாக ஒலித்தால் நமக்கே தாங்காது. தரையில் விரிப்புப் போடுங்கள், டிரம்மைக் குச்சியால் அடிக்காமல் விரலால் தட்டவிடுங்கள், இடிக்கு ஒரு டிரம் போதும். நிஜ இடிக்கே பயப்படும் பிள்ளை இருந்தால் டார்ச்சை அதன் கையில் கொடுத்துப் பாருங்கள், மறுத்தால் வற்புறுத்த வேண்டாம். மின்னல் எப்போது என்று தனக்கு முன்பே தெரிந்திருப்பதில் பயம் பாதி தணியும். கதவுக்குப் பக்கத்தில் ஓர் இடத்தை எப்போதும் காலியாக வைத்திருப்பேன், யார் வேண்டுமானாலும் கேட்காமலே போய் உட்காரலாம்.

## பாட்டு வருகிறது, சுருதி வரவில்லை

முக்கால்வாசி நேரம் நாம் கீழே எடுத்துவிடுகிறோம், அவ்வளவுதான். நமக்கு வசதியான சுருதி குழந்தைக்குக் கிணற்றுக்குள் இருக்கிறது. கீபோர்டில் நடு சி-க்கு அடுத்த டி-யிலிருந்து மேலே ஏ வரை, இந்த வயதுப் பிள்ளைகளில் பெரும்பாலோருக்கு நிம்மதியான இடம் இதுதான். டி-யை ச என்று வைத்துக்கொண்டால் (நம் கணக்கில் இரண்டு கட்டைச் சுருதி), ச-விலிருந்து ப வரைக்குள் பாட்டு அடங்க வேண்டும். ஆண் ஆசிரியர் பாடினால் ஒரு ஸ்தாயி கீழே கேட்கும், சில பிள்ளைகள் அங்கே வந்து உறும முயல்வார்கள். அப்போது சரியாகப் பாடும் ஒரு குழந்தையை முன்மாதிரியாகப் பாடவிடுவது மேல்.

மழைப் பாட்டு நீங்களே கட்டுவதென்றால் ப – க என்ற இரண்டே ஸ்வரத்தில் தொடங்குங்கள். தூரத்தில் இருப்பவரைக் கூவி அழைக்கும்போது குரல் தானாகவே போகும் இறக்கம் அது. "மழை – யே, வா – வா" என்று நாலு தடவை, ப க, ப க. நன்றாகப் பழகியதும் ச-வைச் சேருங்கள். பாடலாகவே தெரியாது, ஆனால் எல்லாரும் ஒரே சுருதியில் இருப்பார்கள்.

சைலோபோனில் ஆளுக்கொரு திசையில் அடித்துக் காது கூசுகிறதா? ம, நி கட்டைகளைக் கழற்றி எடுத்துவிடுங்கள். மிச்சம் இருப்பது ச ரி க ப த, மோகனத்தின் ஸ்வரங்கள். எதை எப்போது தட்டினாலும் மோதிக்கொள்ளாது. குழந்தைகளுக்கான இசைக் கல்வியில் ஜெர்மன் இசையமைப்பாளர் கார்ல் ஓர்ஃப் வழிவந்தவர்கள் நெடுங்காலமாகச் செய்வதும் இதுதான்.

## வானவில்லுக்கு ஏழு ஸ்வரம் பொருத்தினேன், குழம்பிவிட்டது

கை அரிக்கத்தான் செய்யும். நியூட்டனே நிறமாலையை ஏழாகப் பிரித்தபோது ஸ்வர வரிசையை மனசில் வைத்துத்தான் பிரித்தார். ஆனால் "ச என்றால் சிவப்பு" என்று ஒட்டிவிட்டால், நிறம் ஒட்டாத வாத்தியத்துக்கு முன்னால் பிள்ளை திகைத்து நிற்கும். ஏறி, வளைந்து, இறங்கும் வடிவத்தை மட்டும் எடுத்துக்கொண்டு குரலால் வரையச் சொல்லுங்கள். நிறத்தை விட்டுவிடலாம்.

## வாத்தியம் செத்த சத்தம் போடுகிறது

டிரையாங்கிள் "டொக்" என்றால் குழந்தை கம்பியைக் கையால் பிடித்திருக்கிறது, கயிற்றைப் பிடிக்க வேண்டும். உலோகப் பட்டைகள் "டக்" என்றால் குச்சி பட்டைமேலேயே உட்கார்ந்துவிடுகிறது. சூடான தோசைக்கல்லைத் தொட்ட விரல்போல் தட்டியதும் எழ வேண்டும். ரெயின்ஸ்டிக்கை (சாய்த்தால் உள்ளே மணிகள் உருண்டு மழைபோல் ஒலிக்கும் குழாய்) தலைகீழாகக் கவிழ்த்தால் மழை சட்டென்று தீர்ந்துவிடும், கடிகார முள் நகர்வதுபோல் சாய்க்கச் சொல்லுங்கள். பாட்டிலில் கூழாங்கல் போட்டுச் செய்த ஷேக்கர் என்றால் மூடியைச் சுற்றி நாடா ஒட்டுங்கள். சின்னப் பிள்ளைகள் திறந்து பார்க்காமல் விடமாட்டார்கள், உள்ளே இருப்பது வாய்க்குப் போகும்.

## இசையைப் போட்டுக் கேட்கச் சொன்னால் நெளிகிறார்கள்

"கண்ணை மூடிக் கேளுங்க, என்ன தோணுதுன்னு சொல்லுங்க" என்று விட்டால் நெளியத்தான் செய்வார்கள். காதுக்கு வேலை கொடுக்கவில்லை.

பீத்தோவனின் ஆறாவது சிம்பொனி 1808இல் வியன்னாவில் அரங்கேறியது. அதன் நான்காவது பகுதி ஒரு புயல். நான்கு நிமிடம் அளவில் முடிந்துவிடும், ஆகவே இந்த வயதுக்குத் தாங்கும். அடியில் செல்லோவும் பாஸும் தணிந்து உறும, வயலின்கள் துளித்துளியாகத் தொடங்கும். ஏறக்குறைய அரை நிமிடம் கழித்து டிம்பனி டிரம் இடியாக இறங்கும். மொத்த சிம்பொனியிலும் டிம்பனி இந்த ஒரு பகுதியில்தான் ஒலிக்கிறது, அதுவரை இடிக்காகவே எடுத்துவைத்த மாதிரி. கடைசியில் எல்லாம் அடங்கி, ஒரு புல்லாங்குழல் படிப்படியாக மேலே ஏறும்.

வேலையை இப்படிப் பிரியுங்கள். முதல் தடவை முதல் ஒரு நிமிடம் மட்டும்: இடி வந்ததும் கையைத் தரையில் வை, அதற்கு முன் அசையாதே. இரண்டாம் தடவை முழுசும்: மழை விட்டது என்று உனக்குத் தோன்றும் இடத்தில் எழுந்து நில். எல்லாரும் ஒரே இடத்தில் எழமாட்டார்கள். ஏன் அங்கே எழுந்தாய் என்று இரண்டு பேரைக் கேளுங்கள். "குழல் கேட்டுச்சு" என்று ஒருவர், "டிரம் நின்னுடுச்சு" என்று இன்னொருவர். இரண்டும் சரி.

## வரைந்த மழையை வாசிக்க முடியவில்லை

ஒலியைப் படமாக எழுதச் சொன்னேன். ஒரு பெண் குழந்தை சிரிக்கும் மேகம், குடை பிடித்த பூனை, அதன் காலில் பூட்ஸ் என்று ஒரு தாள் நிறைய வரைந்து தந்தாள். அருமையான படம். வாசிக்கத்தான் ஒன்றும் இல்லை.

தவறு என்னுடையது. "மழையை வரை" என்று சொல்லியிருந்தேன். "சத்தத்தை வரை" என்று சொல்லியிருக்க வேண்டும். புள்ளி ஒரு தட்டு, நீளக் கோடு ஒரு நீண்ட ஒலி, பெரிய புள்ளி பெரிய சத்தம், காலி இடம் மௌனம். இந்த நாலும் போதும். தாள் நீளப் பட்டையாக இருக்கட்டும், சதுரமாக இருந்தால் படம்தான் வரும். இடமிருந்து வலமாக ஒரு பிள்ளையின் விரல் நகர, விரல் தொடும்போது மட்டும் வகுப்பு வாசிக்கும். விரலை வேண்டுமென்றே நிறுத்தி எல்லாரையும் தவிக்கவிடுவதில் அவர்களுக்கு ஒரு சந்தோஷம். விட்டுவிடுங்கள், அதுவும் இசைக்குழுவை நடத்துபவரின் வேலைதான்.

பூனையை என்ன செய்வது? தாளின் பின்பக்கம் பூனைக்கு.

## எல்லாம் நன்றாகப் போனது, என்ன கற்றார்கள் என்றுதான் தெரியவில்லை

கடைசி இரண்டு நிமிடத்தை இதற்கென்று ஒதுக்குங்கள். மழை, இடி, காற்று என்ற சொற்களையே எடுக்காதீர்கள். ஒரு டிரம்மை நடுவில் வைத்து, "தூங்குகிற பூனைக்குட்டி எழுந்துவிடக் கூடாது, ஆனால் வேகமாக வாசிக்கணும்" என்று ஒரு பிள்ளையிடம் சொல்லுங்கள். அடுத்த பிள்ளையிடம், "நடந்து வருவது யானை, ஆனால் அதற்கு அவசரமே இல்லை." இப்படி ஐந்தாறு பேர். பாதிக்குமேல் வந்துவிட்டால் அடுத்த வாரம் காற்றுக்குப் போகலாம். வரவில்லை என்றால், வெளியே வெயில் கொளுத்தினாலும் அடுத்த வாரமும் மழைதான்.